ஞாயிறு நளன்

வாரத்தில் ஆறு நாள் இவருக்குச் சமையலறை என்பது தண்ணீர் பாட்டில் எடுக்கப் போகும் இடம். கடுகு டப்பா எது, வெந்தய டப்பா எது என்று தெரியாது. காப்பியில் சர்க்கரை குறைந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பார். ஏழாவது நாள் மட்டும் இடுப்பில் ஏப்ரன் ஏறும், கையில் இடுக்கி ஏறும், குரலில் அதிகாரம் ஏறும். ஆண்களுக்குச் சமையல் வராதா என்று யாராவது கேட்டால் நளன், பீமன் என்று இரண்டு பெயர் சொல்வார். இருவருமே நாட்டைத் தோற்ற பிறகுதான் கரண்டியைத் தொட்டார்கள் என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்வதில்லை. சொன்னால் விருந்து போய்விடும்.

எங்கள் மடிப்பாக்கம் அடுக்ககத்தில் இந்த ஞாயிறு நளன் மூன்றாவது மாடியில் இருக்கிறார். உங்கள் அடுக்ககத்தில் வேறு மாடியில் இருப்பார். இந்த இனத்தில் உட்பிரிவுகள் நிறைய: பிரியாணி நளன், பார்பெக்யூ நளன், ஊரடங்குக் காலத்தில் புளித்த மாவு ரொட்டி சுட்டுப் பழகி இன்னும் திருந்தாத நளன். எங்களுடையவர் விங்ஸ் நளன். மென்பொருள் நிறுவனத்தில் டெலிவரி மேனேஜர். ஆன்சைட்டில் நியூஜெர்சியில் சில மாதம் இருந்துவிட்டு வந்தவர். எல்லாரும் அங்கிருந்து சாக்லேட்டும் வைட்டமின் மாத்திரையும் கொண்டுவருவார்கள். இவர் ஒரு கொள்கையோடு வந்து இறங்கினார். கோழியில் உண்பதற்கு உரிய பாகம் றெக்கை ஒன்றே.

நம் வீடுகளில் கோழிக்குழம்பு எப்படிப் பங்காகும் என்பது எழுதாத சட்டம். கால் குழந்தைகளுக்கு, மாப்பிள்ளை வந்திருந்தால் மாப்பிள்ளைக்கு. ஈரல் கடைக்குட்டிக்கு. நெஞ்சுக்கறி எல்லாருக்கும் பொது. றெக்கையும் கழுத்தும் சட்டியின் அடியில் கிடந்து, கடைசியாகச் சாப்பிட உட்காருகிற அம்மாவின் தட்டுக்கு வரும். அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே கதைதான். அறுபது வருடத்துக்கு முன்பு வரை அங்கே றெக்கை என்பது சூப்புக் கொதிக்கும் பாத்திரத்துக்குப் போகிற மலிவுச் சரக்கு. 1964-ல் நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரில் ஆங்கர் பார் என்ற மதுக்கடையை நடத்திய தெரஸா பெல்லிஸிமோ அதை எண்ணெயில் பொரித்து, மிளகாய் சாஸும் வெண்ணெயும் கலந்ததில் புரட்டிக் கொடுத்தார். அன்றோடு றெக்கையின் ஜாதகம் மாறியது. இப்போது அந்த நாட்டுக் கால்பந்து இறுதிப்போட்டி நடக்கும் வார இறுதியில் மட்டும் 140 கோடி றெக்கைகளுக்குமேல் தின்று தீர்க்கிறார்கள். நெஞ்சுக்கறியைவிட றெக்கை விலை ஏறிப்போன நாட்களும் உண்டு.

இந்த வரலாற்றை நளன் சொல்லாமல் விடமாட்டார். அதிலும் அவருக்கு ஒரு கட்சி உண்டு. தெரஸா அன்றிரவு ஏன் றெக்கையைப் பொரித்தார் என்பதற்கு அந்தக் குடும்பத்துக்குள்ளேயே வேறு வேறு கதைகள். கணவர் சொன்னது, கறி அனுப்பியவர் தவறுதலாக றெக்கையை அனுப்பிவிட்டார் என்று. மகன் சொன்னது, வெள்ளிக்கிழமை முழுக்கக் கறி தொடாத கத்தோலிக்க வாடிக்கையாளர்களுக்காக நள்ளிரவில் செய்தது என்று. இது போதாதென்று அதே ஊரில் ஜான் யங் என்ற கறுப்பினத்துக்காரர், நான் முழு றெக்கையை மாவில் புரட்டிப் பொரித்து மாம்போ சாஸ் ஊற்றி விற்றுக்கொண்டிருந்தேனே, அது கணக்கில் வராதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. 1980-ல் நியூயார்க்கர் பத்திரிகைக்காக கால்வின் டிரில்லின் போய் விசாரித்துவிட்டு, இத்தனை கதைகளையும் அப்படியே எழுதி வைத்தார். நளன் ஜான் யங் கட்சி. ஆனால் செய்வது தெரஸா முறை. அரசியலில் இது சகஜம்.

வேலை வியாழக்கிழமை இரவே ஆரம்பித்துவிடும். அடுக்கக வாட்ஸ்அப் குழுவில் "சண்டே விங்ஸ்" என்று அறிவிப்பு வரும். மனைவியிடம் "டிபென்டன்சி லிஸ்ட்" ஒன்று கொடுக்கப்படும். அதில் பூண்டு உரிப்பது, பாத்திரம் தேய்த்து வைப்பது, ஃபிரிட்ஜில் ஒரு தட்டு முழுக்க இடம் காலி செய்வது எல்லாம் இருக்கும். பூண்டு உரிப்பது நளன் அகராதியில் சமையல் ஆகாது, அது "ப்ரெப்". ப்ரெப்பை யார் வேண்டுமானாலும் செய்யலாம், அவரைத் தவிர.

வெள்ளிக்கிழமை கறிக்கடை. எங்கள் தெருமுனை பாய் இருபது வருடமாகக் கடை போட்டிருக்கிறார், அவர் பார்க்காத வாடிக்கையாளர் இல்லை.

"றெக்கை மட்டும் வேணும் பாய். தோலோட."

"எத்தனை கிலோ சார்?"

"நாப்பத்தெட்டு பீஸ்."

பாய் கத்தியைக் கீழே வைத்தார். கணக்கு அப்படி. கோழிக்கு இரண்டு றெக்கை. ஒவ்வொன்றிலும் மூன்று கணு. நுனியை வெட்டி எறிந்தால் தடித்த துண்டு ஒன்று, தட்டைத் துண்டு ஒன்று. ஆக ஒரு கோழி நான்கு பீஸ் தரும். நாற்பத்தெட்டுக்குப் பன்னிரண்டு கோழி சாக வேண்டும். அதோடு தோல் பிரச்சினை வேறு. நம் ஊர்க் கறிக்கடையில் கோழியைச் சட்டை கழற்றுகிற வேகத்தில் இறகோடு சேர்த்து உரித்துவிடுவார்கள். தோல் வேண்டுமென்றால் வெந்நீரில் முக்கி முடி பிடுங்க வேண்டும்.

"றெக்கைக்கு மட்டும் முடி புடுங்கிட்டு, உடம்பை உரிக்கணுமா சார்?"

"ஆமா பாய். தோல் இல்லாம விங்ஸ் கிடையாது."

"மீதிக் கோழி?"

"நீங்க வித்துக்குங்க."

பாய் யோசித்துவிட்டு ஒரு நாள் அவகாசம் கேட்டார். வீட்டில் இதைக் கேட்ட நளனின் மனைவி, எலும்பில்லாத விங்ஸே உறைந்த பொட்டலமாகக் கிடைக்கிறதே, அதை வாங்கினால் என்ன என்று கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாது. எலும்பில்லாத விங்ஸ் என்பது நெஞ்சுக்கறித் துண்டு என்று தொடங்கி, 2024-ல் ஒஹாயோ மாநில உச்ச நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் கொடுத்த தீர்ப்பு வரை போனார். எலும்பில்லாத விங்ஸ் சாப்பிட்ட ஒருவர் தொண்டையில் எலும்பு சிக்கி வழக்குப் போட்டார். எலும்பில்லாதது என்பது சமைக்கும் பாணியைக் குறிக்கும் பெயர், உத்தரவாதம் அல்ல, சிக்கன் ஃபிங்கர்ஸ் கேட்கிறவர் விரல் வரும் என்றா நினைக்கிறார் என்று நீதிபதிகள் கேட்டார்கள். மனைவி கேஸ் சிலிண்டர் புக் செய்வதற்காக உள்ளே போய்விட்டார். இந்த வாரம் சிலிண்டர் சீக்கிரம் தீரும் என்பது அவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை றெக்கை வந்தது. வந்ததும் வீட்டில் போர் மூண்டது. நளன் சொன்னார், கறியைக் கழுவக் கூடாது. குழாய்த் தண்ணீர் தெறித்தால் சால்மொனெல்லா கிருமி சமையல் மேடை முழுக்கப் பரவும், அமெரிக்க வேளாண் துறையே கழுவாதீர்கள் என்கிறது, உள்ளே 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் கிருமி தானாகச் செத்துவிடும்.

"கிருமி சாவும்டா. கவிச்சி சாவுமா?" என்றார் அம்மா.

அந்தக் குடும்பத்தில் மாமியாரும் மருமகளும் ஒரே அணியில் நின்றதை நான் பார்த்தது அன்றுதான். கழுவாத கறி உள்ளே வந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டோம் என்று இருவரும் சொல்லிவிட்டார்கள். நளன் அறிவியல் பக்கம் உறுதியாக நின்றார். அறிவியல் அவர் பக்கம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அறிவியல் இரவு பதினொரு மணிக்குத் தூங்கப் போய்விடும், அம்மா காலை நாலரைக்கு எழுந்துவிடுவார்.

இடையில் அவர் செய்து வைத்த வேலையைச் சொல்ல வேண்டும். றெக்கையைத் துடைத்து, உப்பும் பேக்கிங் பவுடரும் தூவி, கம்பித் தட்டில் பரப்பி, ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் மூடாமல் வைத்திருந்தார். ஆப்ப சோடா வேறு, பேக்கிங் பவுடர் வேறு; சோடாவை அள்ளிப் போட்டால் சோப்பு ருசி வரும், பவுடரில் சோடாவோடு அமில உப்பும் மாவும் கலந்திருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. அது தோலின் காரத்தன்மையைக் கொஞ்சம் ஏற்றும், தோலில் உள்ள புரதம் தளரும், சீக்கிரம் சிவக்கும், குட்டிக்குட்டியாகக் குமிழ் விட்டு மொறுமொறுப்பாகும். இரவெல்லாம் ஃபிரிட்ஜ் காற்றில் ஈரம் வற்றும். ஈரம் போனால்தான் மொறுமொறுப்பு. இவ்வளவும் உண்மை, நானும் படித்துச் சரிபார்த்தேன்.

ஞாயிறு காலை நளன் ஃபிரிட்ஜைத் திறந்தபோது றெக்கைகள் மஞ்சள் பூசி, கல்லுப்பு போட்டு, ஏழு தண்ணீரில் அலசி, வடிதட்டில் சொட்டச் சொட்ட மங்களகரமாக இருந்தன. பதினான்கு மணி நேர ஆராய்ச்சி சாக்கடையில் போய்விட்டது. அவர் கத்தவில்லை. அலுவலகத்தில் கிளையண்ட் கடைசி நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லும்போது வருமே, அந்தச் சிரிப்பு மட்டும் வந்தது. பிறகு ஹால் தரையில் பழைய பேப்பரை விரித்து, சீலிங் ஃபேனை ஐந்தில் வைத்து, நாற்பத்தெட்டு துண்டுகளையும் வடகம் போலப் பரப்பினார். தினசரியின் தலைப்புச் செய்தி சில துண்டுகளில் தலைகீழாகப் பதிந்தது. பத்தாததற்கு மனைவியின் ஹேர் டிரையர் வேறு. நான் உப்பு கடன் வாங்கப் போனபோது அவர் ஒவ்வொரு றெக்கையாகத் தூக்கிப் பிடித்து முடி உலர்த்திக்கொண்டிருந்தார். இல்லாத முடியை.

எண்ணெய் காயும் கட்டத்தில் ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். "எண்ணெய் காஞ்சிடுச்சுடா, போடு" என்று அம்மா சொன்னார். நளன் வெப்பமானியை விட்டுப் பார்த்தார், 140 என்றது. இன்னும் பத்து டிகிரி வரட்டும் என்று நிறுத்தினார். இந்த இடத்தில் கைப்பக்குவம்தான் ஜெயித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஜெயித்தது வெப்பமானி. முதல் தடவை 150-ல் நிதானமாக வேகவைத்து எடுத்து ஆறவிட்டு, மறுபடி 190-ல் இரண்டு மூன்று நிமிடம் பொரித்தார். இரண்டாம் முறை வெளியே வந்த துண்டுகளை இடுக்கியால் தட்டினால் ஓடு தட்டிய சத்தம் வந்தது. அம்மாவே திரும்பிப் பார்த்தார்.

சாஸ் எளிது. கயேன் மிளகாய் சாஸும் உருகிய வெண்ணெயும், அவ்வளவுதான். அடுப்பை விட்டு இறக்கிக் கலக்க வேண்டும், கொதித்தால் வெண்ணெய் தனியாகப் பிரிந்து மிதக்கும். பஃபலோவில் பயன்படுத்தும் ஃபிராங்க்ஸ் ரெட்ஹாட்டை அவர் பெட்டியில் கொண்டுவந்திருந்தார். அது தீர்ந்துபோன பிறகு காஷ்மீரி மிளகாய், வினிகர், பூண்டு, உப்பு என்று அரைத்து உள்ளூர்ப் பதிப்பு ஒன்று தயாரிக்கிறார். இதற்குத் தொட்டுக்கொள்ள ப்ளூ சீஸ் சாஸ்தான் வேண்டும் என்பது பஃபலோ நகரத்தின் மதக்கோட்பாடு, அங்கே ரான்ச் சாஸ் கேட்டால் முகம் சுளிப்பார்கள். நளன் அதையும் எங்கோ தேடி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் வைத்திருந்தார்.

"அந்தப் பாலாடைக்கட்டி பச்சை பூத்துப் போச்சுடா. நேத்தே தூக்கிப் போட்டுட்டேன்" என்றார் அம்மா.

அதனால் எங்களுக்கு வெள்ளரிக்காய்த் தயிர்ப்பச்சடி பரிமாறப்பட்டது.

மேசையில் ஆறு கிண்ணம், இடமிருந்து வலமாகக் காரம் ஏறும். அமெரிக்காவில் 2015-லிருந்து ஒரு நிகழ்ச்சி ஓடுகிறது. பிரபலங்களைக் கூப்பிட்டுப் பத்து றெக்கையை ஏறுமுகமான காரத்தில் தின்னவைத்துப் பேட்டி எடுப்பார்கள். அதன் மடிப்பாக்கம் பதிப்பு இது. கடைசிக் கிண்ணத்தில் வடகிழக்கிலிருந்து தருவித்த பூத் ஜொலோகியா. 2007-ல் உலகின் மிகக் காரமான மிளகாய் என்று கின்னஸில் ஏறியது, ஸ்கோவில் அளவில் பத்து லட்சத்தைத் தாண்டும். ஆனால் சாப்பிட விட்டால்தானே? 1912-ல் வில்பர் ஸ்கோவில் மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலக்கிக் கலக்கிக் காரம் அளந்த கதை முதலில் வந்தது. அடுத்து, மிளகாயில் இருக்கும் கேப்சைசின் உண்மையில் சுடுவதில்லை, சூட்டை உணரும் நரம்பின் வாசலைத் திறந்துவிட்டு ஏமாற்றுகிறது, அதைக் கண்டுபிடித்ததற்காக டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் கிடைத்தது என்று விளக்கினார். றெக்கை ஆறிக்கொண்டிருந்தது. அவர் சூடாகிக்கொண்டிருந்தார்.

ஒரு தகவலை மட்டும் நான் மறக்கவில்லை. பறவைகளுக்கு அந்த நரம்பு வாசல் கேப்சைசினுக்குத் திறக்காதாம். மிளகாயைப் பழம் போலத் தின்றுவிட்டு விதையைத் தூரத்தில் போய்ப் போடும். அப்படியானால் மேசையிலிருந்த எல்லாரையும்விட அந்த ஆறாவது கிண்ணத்துக்குத் தகுதியானது, அதில் கிடந்த கோழிதான்.

முதல் கிண்ணத்திலிருந்து ஒரு துண்டை இரண்டாவது மாடி வங்கி அதிகாரி, ஓய்வு பெற்றவர், எடுத்துக் கடித்தார். மென்றார். "பேஷ். சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ் கொஞ்சம் புளிப்பா இருக்கு" என்றார். நளன் முகத்தில் விழுந்த அடியை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். சிக்கன் 65, அண்ணா சாலை புகாரி ஓட்டலில் 1965-ல் பிறந்தது என்பதுதான் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் கதை. நளன் மெதுவாக, "அப்படியே பாத்தாலும் இது ஒரு வருஷம் சீனியர் சார்" என்று மட்டும் சொன்னார்.

காரம் வேறு சங்கடம். பஃபலோ சாஸ் ஸ்கோவில் கணக்கில் சில நூறு. நம் வீட்டு வத்தக்குழம்பில் விழுகிற குண்டூர் மிளகாய் 30,000-ஐத் தாண்டும். மூன்றாவது கிண்ணம் வரை விருந்தாளிகள் எதையும் உணரவில்லை. "காரம் போட மறந்துட்டியாப்பா?" என்று அம்மா பரிவோடு கேட்டார். ஐந்தில் நெற்றி வேர்த்தது. ஆறில் நளன் மட்டும் கை வைத்தார், கௌரவப் பிரச்சினை. இரண்டு நிமிடம் பேச்சு வரவில்லை. அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கிடைத்த ஒரே அமைதி அது. தண்ணீருக்குக் கை நீட்டினார், மகள் தடுத்து, "அப்பா, நீதானே சொன்னே, தண்ணில கரையாது, பால்ல இருக்கிற கேசின்தான் வேணும்னு" என்று தயிர்ப்பச்சடிக் கிண்ணத்தை நகர்த்தினாள். பஃபலோ நகரத்தார் பார்க்காதவரை குற்றமில்லை.

பேச்சு திரும்பியதும் பாடம் தொடர்ந்தது. தட்டைத் துண்டில் இரண்டு எலும்பு இருக்கும், சின்னதை முதலில் திருகி இழுத்துவிட்டுப் பெரியதை உருவினால் கறி முழுசாக வரும், இதற்கென்றே காணொளிகள் இருக்கின்றன என்று செய்து காட்டப் போனார். எலும்பு பாதியில் முறிந்தது. அம்மா அதற்குள் ஐந்தாவது துண்டில் இருந்தார். அவர் தட்டின் ஓரத்தில் எலும்புகள் இரண்டிரண்டாக, ஒரு நார்கூட ஒட்டாமல், பல் குத்தும் அளவுக்குச் சுத்தமாக அடுக்கப்பட்டிருந்தன. நளன் பார்த்துக்கொண்டே இருந்தார். "எங்கம்மா கத்துக்கிட்ட?" என்றார்.

"உங்களுக்கெல்லாம் காலைப் போட்டுட்டு நான் வேற எதைத் தின்னேன்?" என்றார் அம்மா, ஆறாவதை எடுத்துக்கொண்டே.

குற்றமாகச் சொல்லவில்லை. பசியோடு சொன்னார்.

றெக்கை எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பிரமாதமாக இருந்தது. ஹேர் டிரையர் புண்ணியமா, இரட்டைப் பொரிப்பா தெரியாது, தோல் நொறுங்கியது, உள்ளே சாறு நின்றது, வெண்ணெயின் வழவழப்பில் காரம் நிதானமாக வந்து சேர்ந்தது. இதுதான் இந்த மாதிரி மனிதர்களோடு நமக்குள்ள துயரம். சொதப்பினால் ஒரு வாரம் கிண்டல் செய்து முடித்துவிடலாம். "நல்லா வேற வந்து தொலைக்குது, அடுத்த வாரமும் ஆரம்பிச்சிடுவார்" என்று அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னதில் பெருமையும் பீதியும் சம பங்கு. அப்போது அவர் ஸ்டீல் நாரை வைத்து அடுப்புக்குப் பின்சுவரில் தெறித்த எண்ணெயைத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். பாத்திரம் தேய்ப்பதும் ப்ரெப்தான் போலிருக்கிறது, பின்னால் வருகிற ப்ரெப். நளன் சோபாவில் சாய்ந்து, குழுவில் புகைப்படங்களைப் போட்டுக்கொண்டிருந்தார்.

இந்த விருந்தின் முழு வீச்சு மறுநாள்தான் எனக்குப் புரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை தெருவில் கோழி வாங்கிய வீடுகளில் எல்லாம் குழம்பைத் துழாவித் துழாவிப் பார்த்திருக்கிறார்கள். முதல் மாடியில் ஒரு பாட்டி, பல் போன நாளிலிருந்து றெக்கை மட்டும்தான் சப்புவார், அவருக்குக் கழுத்தைக் கொடுத்துச் சமாதானம் செய்திருக்கிறார்கள். எதிர்வீட்டில், கடையில் நிறுவையில் ஏமாற்றிவிட்டதாகக் கணவன் மனைவிக்குள் சண்டை. பாயிடம் நியாயம் கேட்க நாலு பேர் போயிருக்கிறார்கள். "நான் என்ன செய்ய, மூணாவது மாடி சார் பன்னெண்டு கோழிக்கும் றெக்கையை எடுத்துட்டாரு" என்று அவர் கை விரித்துவிட்டார்.

நேற்று முட்டை வாங்கப் போனேன். பாய் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "இந்த வாரம் அவருக்கு ஈரல் மட்டும் வேணுமாம் சார். பிரெஞ்சுல ஏதோ செய்யறாராம்" என்றார்.

என் வீட்டுக் கடைக்குட்டிக்கு ஒரு ஈரல் எடுத்து வைக்கச் சொல்லி, முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.